ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம்: தனியாக ஆடுவதா, பார்ட்டி சேர்ந்தா?

கேட்ட கேள்வி இது: ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஆடும் ரோல் பிளேயிங் கேம்களில் சோலோவாக ஆடுவது நல்லதா, குழுவாக ஆடுவது நல்லதா? சோலோதான் என்றால் ஆஃப்லைன் கேம் ஒன்றை ஆடிவிட்டுப் போகலாமே?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம், ஆனால் அது வேறு சுகம், இது வேறு சுகம்.

நான் கீழக்கரைக்காரன். இந்த வகையில் நிறைய கேம் ஆடியிருக்கிறேன், இப்போது பெரும்பாலும் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்தான். 2018-லிருந்து அது மொபைலிலும் இருக்கிறது, சாதாரண போனிலேயே ஓடும், நெட் கொஞ்சம் மந்தமானாலும் சமாளித்துக்கொள்ளும். அதில் கராம்ஜா என்றொரு தீவு, அங்கே ஒரு படகுத்துறை, ஃபிஷிங் லெவல் 40 ஆனதும் கூண்டு வைத்து சிங்கி இறால் பிடிக்கலாம். யாரோடும் சேர வேண்டியதில்லை. ஆனால் எந்த நேரம் போனாலும் அந்தத் துறையில் யாராவது நின்று பிடித்துக்கொண்டிருப்பார்கள். லெவல் ஏறினால் பக்கத்தில் நிற்பவர் "வாழ்த்துகள்" என்று ஒரு வார்த்தை போடுவார், நம்மைவிடப் பெரிய ஆள் ஒருவர் நல்ல கவசம் போட்டுக்கொண்டு கடந்து போவார், அதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் சொல்லுவார். இதெல்லாம் ஆஃப்லைன் கேமில் கிடையாது. 2006-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பிளேயர்களைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பலர் ஆட்ட நேரத்தில் பெரும்பகுதியைத் தனியாகவே கழிக்கிறார்கள், சுற்றியிருக்கும் மற்றவர்கள் அவர்களுக்குப் பார்வையாளர்களாகவும் வேடிக்கையாகவும் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். படித்தபோது எனக்கு அந்த இறால் துறைதான் ஞாபகம் வந்தது.

சோலோ ஆடுபவர்களைக் கேமைத் தயாரிப்பவர்களே மதிக்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. ரூன்ஸ்கேப்பில் 2014-இல் வந்த அயர்ன்மேன் முறையில் நீங்கள் மற்ற பிளேயர் யாரிடமும் எதுவும் வாங்கவோ விற்கவோ முடியாது, கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச்சந்தையும் உங்களுக்கு மூடிவிடும். வாள் வேண்டுமா, பெரும்பாலும் இரும்பைத் தோண்டி, உருக்கி, நீங்களே அடிக்க வேண்டும். சாப்பாடு வேண்டுமா, நீங்களே பிடித்துச் சமைக்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 14-இல் 2019-க்குப் பிறகு கேமின் கதாபாத்திரங்களையே துணைக்குக் கூட்டிக்கொண்டு சில டன்ஜன்களுக்குள் (குழுவாகப் போய் எதிரிகளை முடிக்கும் தனி இடங்கள்) போகலாம் என்றார்கள், பிறகு அதை முதன்மைக் கதையின் நால்வர் டன்ஜன்களுக்கெல்லாம் விரித்துவிட்டார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2024-இல் கொண்டுவந்த டெல்வ்ஸ் என்ற சிறு டன்ஜன்கள், ஒருவர் முதல் ஐந்து பேர் வரை எப்படி வேண்டுமானாலும் ஆடக்கூடியது. ஆகவே சோலோ ஆடினால் கதை பாதியில் நின்றுவிடுமோ என்ற பயம் இன்றைக்கு அவ்வளவாகத் தேவையில்லை.

சரி, அப்படியானால் குழு எதற்கு?

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ரூன்ஸ்கேப்பின் பார்பேரியன் அசால்ட். ஐந்து பேர், எதிரிகள் வரும் பத்து அலைகள், நான்கு வேலைகள்: அடிப்பவர், தடுப்பவர், முட்டை பொறுக்குபவர், ஹீலர் (மருந்து போடுபவர்). நான் முட்டை பொறுக்குகிறேன் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் இதில் எந்த நிறத்தை எடுக்க வேண்டும் என்பது என் திரையில் இருக்காது, அடிப்பவர் திரையில் இருக்கும். அவர் எந்த முறையில் அடிக்க வேண்டும் என்பது என் திரையில் இருக்கும். தடுப்பவருக்கும் ஹீலருக்கும் இடையில் இதே கொடுக்கல் வாங்கல். நிறம் மாறிக்கொண்டே இருக்கும். துபாயில் இருக்கும் என் மாமி மகன் ஒருபக்கம் ஹெட்செட்டில் "மச்சான் நீலம், நீலம்டா, பச்சையை எடுக்காத!" என்று கத்துவார், நான் அவருக்குத் திருப்பிக் கத்துவேன், உம்மா அடுப்படியிலிருந்து என்ன சண்டை என்று கேட்பார். அந்தப் பத்தாவது அலை முடியும்போது வரும் சந்தோஷத்தை எந்த சோலோ ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. எனக்குத் தேவையானது இன்னொருவர் கண்ணில் இருக்கிறது, அவர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். குழு ஆட்டம் என்றால் இதுதான். ஐந்து பேர் ஒரே பாஸை (பெரிய எதிரியை) ஆளுக்கொரு பக்கம் அடித்துவிட்டு, அது விட்டுப்போகும் பொருளை எடுத்துக்கொண்டு போவதை நான் குழு ஆட்டம் என்று கணக்கில் எடுப்பதில்லை.

1999-இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற கேமில் அந்தக் காலத்தில் குழு இல்லாமல் பெரும்பாலானவர்கள் நகரவே முடியாது. செத்தால் அனுபவப் புள்ளி குறையும், உடைமையெல்லாம் பிணத்தோடு கிடக்கும், திரும்பப் போய் எடுத்துவர வேண்டும். ஒரு சண்டை முடிந்தால் மானா (மந்திர சக்தி) ஏறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், உட்கார்ந்திருக்கும்போது பேசாமல் என்ன செய்வார்கள்? நட்பெல்லாம் அந்த இடைவெளியில் முளைத்தது. 2004-இல் வார்கிராஃப்ட் வந்து குவெஸ்ட் (கேம் தரும் பணி) ஒவ்வொன்றாகத் தனியாகவே லெவல் ஏற வழி செய்தது. அப்போதும் டன்ஜனுக்கு ஆள் வேண்டுமென்றால் ஊருக்கு நடுவில் நின்று கூவிக் கேட்டு, ஆள் சேர்த்து, வாசல்வரை நடந்துபோக வேண்டியிருந்தது. எல்லாரும் ஒரே சர்வர் என்பதால் ஒருவர் இன்று ஏமாற்றினால் நாளைக்கு அவரை யாரும் சேர்க்க மாட்டார்கள். 2009 டிசம்பரில் டன்ஜன் ஃபைண்டர் வந்தது. பட்டனை அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து ஆள் வந்து நிற்பார்கள், முடிந்ததும் மறைந்துவிடுவார்கள், மறுபடி பார்க்கப்போவதே இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பட்டன் வழியாக வரும் முன்பின் தெரியாத குழுவில் யாரும் வாய் திறப்பதில்லை, ஒருவர் வழி தெரியாமல் நின்றால் சொல்லித்தருவதற்குப் பதில் வெளியே தள்ளுகிறார்கள். புதிதாக வருபவர்கள் இதை ஒருமுறை அனுபவித்துவிட்டு குழு ஆட்டமே வேண்டாம் என்று முடிவு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

பெண் பிள்ளைகள் சிலர் சோலோ ஆடுவதற்கு வேறு காரணமும் உண்டு. என் லாத்தா (அக்கா) மகள் கில்டு வார்ஸ் 2 ஆடுகிறாள், சாட் முழுக்க மூடி வைத்திருப்பாள். பெயர் என்ன, ஊர் எது, போட்டோ போடு என்று கேட்பவர்கள் தொல்லை. அவளை "சோலோ ஆடினால் வளர மாட்டாய்" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். அந்த கேம் அவளைப் போன்றவர்களுக்கு நல்ல தோது. ஒரு மிருகத்தை ஐந்து பேர் அடித்தாலும் பங்கெடுத்த ஐந்து பேருக்கும் பலன் தனித்தனியாகக் கிடைக்கும், யாரும் யாருடையதையும் பறிக்க முடியாது. பெரிய பாஸ் வந்தால் அந்தப் பக்கம் இருக்கிறவர்களெல்லாம் ஓடிவருவார்கள், அவளும் ஓடுவாள், பார்ட்டியில் சேராமலே. ரூன்ஸ்கேப்பிலும் 2021-இல் வந்த டெம்போரோஸ் அப்படித்தான். அதற்கு மெம்பர்ஷிப்பும் (கட்டணச் சந்தா) ஃபிஷிங் லெவல் 35-ம் வேண்டும். கப்பலேறிப் போய் மீன் பிடித்துச் சமைத்து அதையே பீரங்கிக்குக் குண்டாகப் போட்டுக் கடல் பூதத்தை அடக்க வேண்டும். மின்னலில் தீப்பிடித்தால் வாளியில் அள்ளி ஊற்ற வேண்டும், பேரலை வருகிறதென்றால் கயிறு போட்டுக் கம்பத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், ஆனால் நான் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்போது தீயை இன்னொருவர் அணைத்திருப்பார். சேர்ந்து ஆடப் பிடிக்கும், பழகக் கூச்சம் என்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இனி என் அபிப்பிராயம். எந்த முறை நல்லது என்பதை உங்கள் சுபாவத்தைவிட உங்கள் நேரம்தான் முடிவு செய்யும். குழுவில் சேர்ந்தால் உங்கள் ஒரு மணி நேரத்தை இன்னும் நாலு பேருக்குக் கொடுக்கிறீர்கள். நடுவில் கரண்ட் போனாலும், வாப்பா கடைக்குப் போய்வரச் சொன்னாலும் அவர்கள் நாலு பேர் வேலையும் கெடும். எங்கள் குழுவில் பாம்பன் நண்பன் ஒருவன், விசைப்படகில் போகிறவன். கடலுக்குப் போகிற நாளில் சிக்னல் இல்லை, கரைக்கு வந்த நாளில் தூக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் அவன்தான் எங்களை எழுப்பி ஆடக் கூப்பிடுவான். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினாலும் ஆள் வீட்டில் இருப்பான், ஆனால் கரண்ட் இருக்குமா என்பது வேறு கதை. துபாய் மச்சானுக்கு வெள்ளி, சனி இரவு மட்டும். மூவரும் பெரும்பாலும் சேர்வது நோன்பு மாத நடு இரவில்தான். தராவீஹ் (இரவுத் தொழுகை) முடிந்து ஸஹர் (விடியுமுன் உண்ணும் நேரம்) வரை விழித்திருப்பதால் நேரம் கிடைக்கும், பாம்பன் நண்பனும் அன்றைக்குக் கடல் இல்லையென்றால் எங்களுக்காக விழித்திருப்பான்.

இப்படிப்பட்டவர்களுக்கு 2021 அக்டோபரில் வந்த குரூப் அயர்ன்மேன் மாதிரி ஏற்பாடு வேறில்லை என்பேன். இரண்டு முதல் ஐந்து பேர், வெளியாருடன் கொடுக்கல் வாங்கல் கிடையாது, தங்களுக்குள் உண்டு, பொதுவாக ஒரு பெட்டகம். நான் காலையில் கடை திறக்குமுன் கொஞ்ச நேரம் இறால் பிடித்துச் சமைத்துப் பெட்டகத்தில் போட்டுவிட்டுப் போவேன். மச்சான் இரவில் வந்து அதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவார், கிடைத்த நல்ல கவசத்தை எனக்கு வைத்துவிட்டுப் போவார். பாம்பன்காரன் வாரம் கழித்து வந்தாலும் அவன் பங்கு அங்கே இருக்கும். ஆடுவது தனியாக, சேர்வது ஒன்றாக. யாரும் யாரையும் காக்க வைப்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் தனியாக ஆடி உங்கள் கேரக்டரின் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். பொருள் பொறுக்கிவரும் குவெஸ்டுகளை வார்கிராஃப்ட் போன்றவற்றில் இருவராகச் செய்தால் பெரும்பாலும் இருவருக்கும் தனித்தனியாகச் சேர வேண்டும், வேலை இழுக்கும், அவற்றைத் தனியாக முடித்துவிடுவது மேல். டன்ஜனுக்கு முதல்முறை போகும்போது தெரிந்தவர் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். ஹீலராகப் போனால் டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) முதல் அடி அடிக்குமுன் மருந்து போடாதீர்கள், பல கேம்களில் மருந்து போடுபவர் மேலேயே கூட்டம் பாய்ந்துவிடும்.

கில்டில் (சேர்ந்து ஆடும் நிலையான குழு) சேருவதென்றால், லெவல் என்ன, கவசம் என்ன என்று அவர்கள் கேட்பதற்கு முன் ரெய்டு (பெரிய குழுவாகப் போகும் சண்டை) எத்தனை மணிக்கு என்று நீங்கள் கேளுங்கள். லண்டனில் குளிர்காலத்தில் இரவு 8 என்றால் நமக்கு விடிகாலை 1.30. மறுநாள் வேலை இருப்பவர்களுக்கு அது ஆகாது. சிங்கப்பூரில் இரவு 9 என்றால் நமக்கு 6.30, துபாயில் 9 என்றால் நமக்கு 10.30. அந்த நேரங்களில் ஆடும் கில்டுகளைத் தேடுங்கள், அங்கே தமிழ் ஆட்களும் கிடைப்பார்கள்.