அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்பவர் யார்?

ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கி, இறுக அணைத்துக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். ஏன் முட்டி மோத வேண்டும், பந்தை எறிந்தால் போதாதா? நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறியாக வேண்டும். எறிந்த பந்து தரையில் விழுந்தால் ஒரு முயற்சி வீண். எதிரணி பிடித்துவிட்டால் பந்தே போச்சு. ஓடினால் மூன்று நான்கு கஜமாவது பெரும்பாலும் தேறும்.

கூட்டம் நெரியும் ரயில் நிலையத்தில் வாட்டசாட்டமான அண்ணன் வழி உண்டாக்க, அவர் முதுகை ஒட்டியே நாம் நுழைவோமே, அதேதான். முன்னால் நிற்கும் தடுப்பு வீரர்கள்தான் அந்த அண்ணன்கள். கிடைத்த இடைவெளி சட்டென மூடிவிடும். அதனால் கால் வேகத்தைவிடக் கண் முக்கியம் என்பேன். இப்படிச் சிறுகச் சிறுகத்தான் எம்மிட் ஸ்மித் என்ற ரன்னிங் பேக், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களில் ஓடியே 18,355 கஜம் சேர்த்தார்.

ஓடுவது மட்டுமே இவர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எறியும் பந்தைப் பிடிப்பதும், குவார்ட்டர்பேக் மேல் பாய வருபவரை மறிப்பதும்கூட இவர் பொறுப்புதான்.