‘வேண்டும்போது’ என்றால் எப்போது?

கேள்வி: என் சித்தி மகனுக்கு 18.9.2022 அன்று புரோநோட்டின் (கடன் உறுதிச்சீட்டு) பேரில் மூன்று லட்சம் ரூபாய் கொடுத்தேன். கேட்டால் ‘கார் நெல் அறுக்கட்டும்’, ‘பிசான போகம் முடியட்டும்’, ‘கொஞ்ச நாள் பொறுங்கள் அண்ணே’ என்கிறான். என் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. முறைப்படி நோட்டீஸ் விட்டுக் கேட்டால், அந்த நாளிலிருந்துதானே வழக்குப் போட மூன்று ஆண்டுக் கெடு?
- வாசகர், சேரன்மகாதேவி

பதில்: இல்லை. நோட்டு எழுதிய நாளிலிருந்து. கல்யாணத்துக்கு வராதது வழக்குக்குள் வராது, விடுங்கள்.

நோட்டில் ‘தாங்கள் வேண்டும்போது செலுத்துவேன்’ என்று இருக்கும். வீட்டுப் பேச்சில் அதற்கு ‘எப்போது கேட்கிறீர்களோ அப்போது’ என்று பொருள். சட்டத்திலோ, எழுதிக் கொடுத்த நாளிலேயே கடன் கேட்கத்தக்கதாகிவிட்டது. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி உங்களுக்குக் கடைசி நாள் 18.9.2025. இதை எழுதும் 2025 ஆகஸ்ட் நடுவிலிருந்து இன்னும் ஐந்து வாரம்தான். காரும் பிசானமும் இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. வாயால் சொன்ன ‘கொஞ்ச நாள்’ சட்டத்துக்குக் காலமே இல்லை.

பாளையங்கோட்டையில் என்னிடம் வரும் நோட்டுகளைத் திருப்பிப் பார்த்தாலே மனம் கனத்துவிடும். பின்பக்கத்தில் ‘வரவு ரூ.500’ என்று எழுதி, தேதியும் போட்டிருக்கும். எழுதியவர் கடன் கொடுத்தவர். வாங்கியவரின் கையெழுத்து இருக்காது. அந்த வரவு கெடுவைப் புதுப்பிக்காது. பணம் கட்டியவரே தம் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது கையெழுத்திட்டிருக்க வேண்டும். கெடு முடிவதற்குள் கட்டியதாகவும் இருக்க வேண்டும். கெடு தாண்டிய பதற்றத்தில் பழைய தேதி போட்டு வரவு எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்க வந்த கடன் போய், போலி ஆவண வழக்கில் பதில் சொல்லும் நிலை வந்துவிடும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கெடு முடிந்தபின் கடன் வாங்கியவரே பணம் தருவதாகப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தச் சட்டம் அதை ஏற்கும். இத்தனை போகம் தள்ளியவர் அப்போது ஏன் போடப் போகிறார்?

இந்த வாரமே நேரில் போங்கள். அசலை உடனே தருவதென்றால் வட்டியில் பாதியை விட்டுக்கொடுத்து முடித்துவிடுங்கள். தீர்ப்பு வாங்கினாலும் அதன்படி பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனுவுக்கு மறுபடி அலைய வேண்டும். அந்த அலைச்சலோடு பார்த்தால் பாதி வட்டி பெரிதல்ல. முழுத் தொகை இல்லையென்றால் இருப்பதை வாங்கி, நோட்டின் பின்பக்கம் அவர் கையாலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். ‘நாலு நாள் போகட்டும்’ என்றால் மறுநாள் காலையிலேயே அசல் நோட்டோடு வழக்கறிஞரிடம் வந்துவிடுங்கள்.