சிலிண்டரைப் படுக்கவைத்துக் கொண்டுவரலாமா?

கேள்வி: புரொப்பேன் சிலிண்டரை நிரப்பி, காரின் டிக்கியில் படுக்கவைத்தே கொண்டுவருகிறோம். நிற்கவைத்தால் வளைவுகளில் சாய்ந்துவிடுகிறது. இது தவறா? காலி சிலிண்டருக்கும் கட்டுப்பாடு உண்டா?

பதில்: தயவுசெய்து படுக்கவைக்காதீர்கள். எரிவாயு லாரி ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தருகிறவன் நான். வகுப்பில் முதலில் சொல்வதும் இதைத்தான்.

சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவம். கொள்ளளவில் 80 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள். சூடேறும்போது திரவம் விரிவதற்கு மேலே இடம் வேண்டும். அங்கே ஆவி நிற்கும். அழுத்தம் எல்லை மீறினால், வால்விலேயே உள்ள பாதுகாப்புத் திறப்பு தானாகத் திறந்து அந்த ஆவியை வெளியே விடும். சிலிண்டர் படுத்துக் கிடந்தாலோ, திறப்பின் வாயில் திரவம் வந்து நிற்கும். அப்போது பீறிடுவது திரவம். அது ஆவியாகிச் சுமார் 270 மடங்கு விரியும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் காரின் தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே தீப்பற்ற ஒரு பொறி போதும்.

இதனால்தான், இன்னும் கொஞ்சம் சேர்த்து நிரப்பச் சொல்லி யாராவது கேட்டால் எனக்குப் பதறுகிறது. 1978 ஜூலையில் ஸ்பெயினில், விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரமிட்டுத் தங்கும் லோஸ் அல்ஃபாக்கெஸ் முகாம் அருகே வெடித்த டேங்கர் லாரியில் இருந்தது புரொப்பேனின் நெருங்கிய உறவான புரொப்பிலீன். அளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருந்தது. 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

சாய்வதற்கு வழி இருக்கிறது. அடிப்பாகம் பொருந்தும் பெட்டிக்குள் நிற்கவைத்து, பட்டையால் காரின் கொக்கிகளோடு இறுக்கிக் கட்டுங்கள். வால்வை மூடி, அதன் வாயில் அடைப்பானையும் திருகுங்கள். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், புகைப்பது கூடவே கூடாது. வழியில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். ஒரு காரில் எத்தனை சிலிண்டர் ஏற்றலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், நிரப்புமிடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலி சிலிண்டருக்கும் இதே விதிகள்தான். அடுப்பு அணைந்த பிறகும் உள்ளே ஆவி நிறைந்தே இருக்கும். வால்வைத் திறந்தபடியே காலி சிலிண்டரை டிக்கியில் போடுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

வழியில் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் வந்தால் அது கசிவு. கண்டறிவதற்காகவே அந்த வாடையைச் சேர்க்கிறார்கள். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். கதவுகளைத் திறந்துபோட்டு எல்லோரும் விலகிச் செல்லுங்கள். நன்றாகத் தள்ளிப்போன பிறகே கைப்பேசியை எடுத்துத் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.