முப்பதாயிரம் கூடிப்போன குடும்பம்

அன்புள்ள ஐயா,

மகள் பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறாள். கணவர் அரசு ஊழியர், நான் மெட்ரிக் பள்ளி ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்ந்து வருடத்துக்கு 8 லட்சத்து 30 ஆயிரம். எந்தச் சலுகைக்குப் போய் நின்றாலும் ‘வருமானம் அதிகம்’ என்கிறார்கள். நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டதால் முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. வருமானச் சான்றிதழைக் குறைத்து வாங்கித் தருவதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

ஒரு தாய், திண்டுக்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

சான்றிதழ் வேண்டவே வேண்டாம். அரசு ஊழியரின் சம்பளம் ஏட்டில் இருக்கிறது. யாராவது சரிபார்த்தால் உங்கள் கணவரின் வேலைக்கே ஆபத்து. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப்போவதோ உங்கள் மகள்.

‘படித்துவிட்டதால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்னை வருத்தியது. மகள் காதுபட அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

கல்விக்கடன் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கும் வருமானம் தடை என்று நினைத்திருக்கலாம். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில் குடும்ப வருமானம் 8 லட்சம் என்பது 3 சதவீத வட்டிச் சலுகைக்கு மட்டும்தான் வரம்பு. கடன் வாங்க அந்த வரம்பு கிடையாது. சாதாரணக் கல்விக்கடனிலும் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லை, நம் பங்காகக் கையிலிருந்து எதுவும் போடவேண்டியதும் இல்லை. மேனேஜர் வாயால் சொல்லும் ‘இல்லை’யோடு திரும்பிவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் மறுப்புக்கும் ஒரு பதிவு இருக்கும்.

வருடத்துக்கு 1 லட்சமாக நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பும் அதன்பின் ஒரு வருடமும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியே விட்டால் ஐந்தாம் வருட முடிவில் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால் அதே 4 லட்சம்தான். முதல் வருடம் மாதம் 833 ரூபாய், நான்காம் வருடம் 3,333. உங்கள் இரண்டு சம்பளத்தில் இது முடியும். பழைய வரிமுறையில் இருந்தால் வருமான வரியில் அந்த வட்டிக்குக் கழிவும் உண்டு. பி.எஃப்.பில் கைவைக்காதீர்கள். படிப்புக்குக் கடன் கிடைக்கும், ஓய்வுகாலத்துக்கு யார் தருவார்கள்?

அப்புறம், கல்லூரி. மேனேஜ்மென்ட் கோட்டா பக்கமே போகாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் மதுரை தியாகராசர் கல்லூரி, கோவையில் பி.எஸ்.ஜி. இரண்டிலும் அரசு உதவி பெறும் பிரிவும் உண்டு, சுயநிதிப் பிரிவும் உண்டு. கட்டணம் மலைக்கும் மடுவுக்கும். கவுன்சிலிங் பட்டியலில் பாடத்தின் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.எஸ்.’ என்று இருந்தால் அது சுயநிதி. இந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் பட்டியல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காரைக்குடி, சேலம், திருநெல்வேலி அரசுக் கல்லூரிகளையும் மேலே வையுங்கள். விடுதிச் செலவு சேர்த்தாலும் உள்ளூர்த் தனியார் கல்லூரியைவிடக் குறையலாம், கூட்டிப் பாருங்கள்.

பட்டியல் போடுவதற்கு முன் ஒரு ராத்திரி மகளையும் உட்காரவைத்து, இந்தக் கணக்கை அவள் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என் அப்பா என்னிடம் எதையும் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி. எப்போதிருந்து என்று கேட்டேன். நீ சேர்ந்த வருஷத்திலிருந்து என்றாள். அந்த இரண்டு வருடமும் நான் விடுதியில் என்னவெல்லாம் செலவு செய்தேன் என்று இன்றும் மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறேன்.

மகளுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று அவசியம் எழுதுங்கள்.