படகில் வாழ்கிறவர்கள் நட்பாகப் பழகுவார்களா?

படகிலேயே வாழ்ந்து கடல் சுற்றுகிறவர்கள் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா, கையசைப்பதோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிச்சயம் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று தோன்றுகிறது, அதனால் எங்களுக்கு நடந்ததையே சொல்கிறேன்.

எங்கள் பாய்மரப் படகில் நானும் கணவரும் மட்டும்தான். பனாமா கால்வாயைக் கடக்க, சின்னப் படகானாலும், சுக்கான் பிடிப்பவர் தவிர கயிறு பிடிக்க நான்கு பேர் வேண்டும். எங்களுக்கு மூன்று பேர் குறைந்தது. கூலிக்கு ஆள் கிடைக்கும்தான். ஆனால் கால்வாயின் அட்லாண்டிக் பக்க வாசலான கொலோனில் காத்திருக்கும் படகுக்காரர்கள் ஒருவர் படகில் இன்னொருவர் கயிறு பிடிக்கப் போவது வழக்கம். காலையில் எல்லாப் படகுகளும் ரேடியோவில் பேசிக்கொள்ளும் நேரத்தில் கேட்டேன். மதியத்துக்குள் ஒரு வயதான தம்பதியும், தனியாகப் படகோட்டி வந்த ஓர் இளைஞனும் டிங்கியில், அதாவது கரைக்கும் படகுக்கும் போய்வரும் குட்டிப் படகில், வந்து நின்றார்கள். அதற்கு முன் அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

கதூன் லாக் என்பது கதவுகள் போட்ட தண்ணீர்த் தொட்டிகள். அதில் தண்ணீர் நிரப்பி, மூன்று படியாகப் படகை 26 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவார்கள். அடியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வரும்போது படகு திமிறும். படகு ஏற ஏறக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தொய்ந்தால் போச்சு. முன்பக்கம் நின்ற அந்த அம்மா ஈரக் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி, “உன் பக்கம் தொய்யுது, இழு!” என்று அதட்டினார். கூடப் பிறந்த அக்கா அதட்டுவது போலவே இருந்தது எனக்கு. அன்றிரவு கதூன் ஏரியில் மிதவையில் கட்டிக்கொண்டு, வீட்டை விற்றுவிட்டுக் கடலுக்கு வந்த கதையை அவர் சொல்லச் சொல்ல நேரம் போனதே தெரியவில்லை. பசிபிக் பக்கம் இறங்கியதும் பஸ் பிடித்துத் திரும்பி, அவர்கள் படகில் நாங்கள் கயிறு பிடித்தோம்.

‘காரியத்துக்காகப் பழகுவது நட்பா’ என்று சிலர் கேட்பார்கள். தங்கள் முறை வருவதற்குள் கால்வாயை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தம்பதிக்கும் இருந்தது. இருக்கட்டுமே! அப்புறம் அவர்கள் மார்கெசாஸ் தீவுகளுக்குப் போனார்கள், நாங்கள் கோஸ்டாரிகா பக்கம் போனோம். இன்றும் எஞ்சினில் கோளாறு என்றால் முதலில் அவர்களைத்தான் கேட்கிறோம். எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. தனிமை தேடிக் கடலுக்கு வந்தவர்களும் உண்டு, அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் 16ஆம் சேனல் அவசரத்துக்கும் ஆளைக் கூப்பிடுவதற்கும்தான். கூப்பிட்டதும் வேறு சேனலுக்கு மாற வேண்டும். அதிலேயே அரட்டை அடிப்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்துப் படகின் நங்கூரம் இழுபட்டு எங்களை நோக்கி வந்த ஓர் இரவில், இப்படிப்பட்ட பேச்சுக்கு நடுவே எங்களால் குரல் கொடுக்கவே முடியவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புது இடத்தில் நங்கூரம் போட்டதும் டிங்கியில் பக்கத்துப் படகுக்குப் போங்கள். கொஞ்சம் தள்ளி நின்று, படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இங்கே அடித்தரை நங்கூரத்தை நன்றாகப் பிடிக்குமா என்று கேளுங்கள். படகுக்காரர் எவரும் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். அவர்களாக அழைக்கும்வரை மட்டும் மேலே ஏறாதீர்கள்.