வைரத்தைவிட டாலடிக்கும் கல்

அன்புள்ள ஐயா,

திருமண நாளுக்கு மோதிரம் செய்து தருவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். கடையில் மஞ்சளும் பச்சையும் கலந்த கல் ஒன்றைக் காட்டினார்கள். பெயர் ஸ்பீன். டைட்டேனியம் கலந்தது, வைரத்தைவிட அதிகமாக டாலடிக்கும் என்றார்கள். பார்த்தால் அப்படித்தான் இருந்தது, கண்ணை எடுக்க முடியவில்லை. மாமியாரோ “பேரே கேள்விப்படாத கல்லா?” என்கிறார். தினமும் போட்டுக்கொள்ளலாமா?

ச., கோவை

அன்புள்ள ச.,

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

வெள்ளை ஒளி நிறம் நிறமாகப் பிரிவதைப் பள்ளியில் நிறப்பிரிகை என்று படித்திருப்பீர்கள். அந்த அளவு வைரத்துக்கு 0.044, ஸ்பீனுக்கு 0.051. கால்சியம், சிலிக்கான், ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் டைட்டேனியம்தான் இதற்கு முக்கியக் காரணம். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டில் இருப்பதும் டைட்டேனியம் டை ஆக்சைடுதான். ஒளியை வளைப்பதில் அந்த ஆக்சைடு வைரத்தையே மிஞ்சும்.

அடுத்த முறை போகும்போது, கல் ஸ்பீன்தானா என்று பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, கல்லின் மேல்முகம் வழியாக அடிப்பக்கத்துப் பட்டைகளைப் பாருங்கள். கல்லைக் கொஞ்சம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கோடாக இருக்க வேண்டிய விளிம்பு இரண்டு கோடாகத் தெரியும். உள்ளே நுழையும் ஒளி இரண்டாகப் பிரிந்து போவதால் வருவது இது. கார்னெட் வகைக் கோமேதகத்தில் எப்படித் திருப்பினாலும் இது வராது. சிர்கான் என்ற கல்லில் வரும், ஆனால் ஸ்பீன் அளவுக்கு இருக்காது.

சரி, அவர் சொல்லாமல் விட்டது கடினத்தன்மை. கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோஸ் அளவில் வைரம் 10, நீலக்கல் 9, ஸ்பீன் 5 முதல் 5.5 வரைதான். காற்றில் பறக்கும் தூசியில் இருக்கும் மணல் துகளே 7. மேசையைத் துடைத்த துணியால் கல்லைத் துடைத்தால் போதும், கீறல் விழும்.

இதை அனுபவத்தில்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் சின்ன ஸ்பீன் ஒன்றை ஆசைப்பட்டு மோதிரத்தில் பதித்துக்கொண்டேன். ஆறே மாதத்தில் பட்டைகளின் விளிம்பெல்லாம் கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிட்டது. திரும்பப் பட்டை தீட்டியதில் டால் வந்தது, எடை போனது. கல்லைக் குறை சொல்ல முடியாது, கைவிரலில் போட்டது நான்தானே.

அதனால் டாலராகவோ தோடாகவோ செய்துகொள்ளுங்கள். மோதிரம்தான் வேண்டும் என்றால் விசேஷத்துக்கு மட்டும் போடுங்கள், கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு நன்றாக ஏறி நிற்கட்டும். பின்னால் ரிப்பேருக்குக் கொடுத்தால், பத்தர் நெருப்புக் காட்டுவதற்கு முன் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுக் கழுவவும் விடாதீர்கள்.

மாமியார் சந்தேகப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நவரத்தினத்தில் இதற்கு இடமில்லை, பெயரிலும் குழப்பம். 1795இல் கிளாப்ராத் என்ற ஜெர்மன் வேதியியலாளர் டைட்டனைட் என்று வைத்தார். 1801இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ஆயி (Haüy), படிகத்தின் வடிவத்தைப் பார்த்து ஸ்பீன் என்றார். கிரேக்கத்தில் ஆப்பு என்று பொருள். (நகைக்கடையில் இதைச் சொல்லிச் சிரித்துவிடாதீர்கள்.) 1982இல் கனிமவியலாளர்கள் டைட்டனைட்டே அதிகாரப்பூர்வப் பெயர் என்று முடிவு செய்தார்கள், ரத்தின வியாபாரிகள் ஸ்பீனை விடவில்லை.

புவியியலாளர்களுக்கு நகைக்கல் தரமெல்லாம் தேவையில்லை. பழுப்பேறிய குருணையே போதும். அதற்குள் கொஞ்சம் யுரேனியம் சிக்கியிருக்கும், அது ஈயமாக மாறிய அளவை வைத்துப் பாறை எப்போது வெந்து உருமாறியது என்று கணக்குப் போடுவார்கள்.

கல்லை வாங்கினால், லென்ஸையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரட்டை விளிம்பை மாமியாருக்கும் காட்டலாம்.