பழம்பொருள்களுக்கு வீட்டில் எங்கே இடம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தோட்டத்தில் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். லயத்துக் காம்பராவிலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையிலிருந்து) அம்மாயியின் கொழுந்துக் கூடை, தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிவிடும் கத்தி), ஒரு பழைய தேயிலைப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்தோம். இவற்றால் முன்னறையை அழகுபடுத்த விரும்புகிறேன். ஆனால் கூடையின் அடியில் மாவுபோலத் தூள் கொட்டுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் அந்தத் தூளைக் கவனியுங்கள். மூங்கிலில் உள்ள மாச்சத்தைத் தின்னும் துளைவண்டுகளின் வேலை அது. லயத்தில் விறகடுப்புப் புகை ஓயாமல் பட்டதால் கூடையைப் பூச்சி அண்டவில்லை. எரிவாயு அடுப்புள்ள புதுவீட்டில் அந்தக் காவல் இல்லாமற் போய்விட்டது. கூடையை வெளியே கொண்டுபோய், பின்னலின் இடுக்குகளைத் தூரிகையால் தட்டிச் சுத்தமாக்கி, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை உள்ளும் புறமும் பூசி, காற்றோட்டமான நிழலில் நன்றாக உலர விடுங்கள். கையுறை அணிந்துகொள்ளுங்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள். மண்ணெண்ணெய் பூசச் சொல்வோர் உண்டு. வீட்டுக்குள் தொங்கப்போகும் பொருளுக்கு அது தீ அபாயம், வேண்டாம்.

உலர்ந்த கூடையை, வெயிலோ சாரலோ படாத உட்சுவரில், அம்மாயி தலையில் மாட்டிய அதே கயிறு தெரியும்படி தொங்கவிடுங்கள். பழைய கயிறு பாரம் தாங்காது என்பதால், பின்புறம் மெல்லிய கம்பி ஒன்று உண்மையான சுமையைத் தாங்கட்டும். கயிற்றில் தலை பட்டுப் பட்டு வழுவழுப்பான இடம் இருந்தால் அது முன்புறமாக வரட்டும். அந்தக் கூடையில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கூடைக்குள் பிளாஸ்டிக் பூக்களை நிரப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மழையிலும் பனியிலும் கொழுந்து சுமந்த கூடையைப் பூச்சாடி ஆக்குவதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. வெறுமையாகவே இருக்கட்டும்.

தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. (புரோக்கன் ஒரேஞ்ச் பீக்கோ) போன்ற தர எழுத்துகள், நிறை முதலியவை மையால் பதிக்கப்பட்டிருக்கும். அரத்தாள் போட்டால் அவை போய்விடும். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் மெழுகு பூசினால் போதும். ஓரத் தகரப் பட்டிகளில் துருத்தி நிற்கும் ஆணிகளைச் சுத்தியலால் அடித்துப் படியவையுங்கள். உள்ளே ஈயத்தாளைப்போல மின்னும் உலோகத் தாள் மிஞ்சியிருந்தால் அதைக் கிழிக்க வேண்டாம். பெட்டியைச் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் சிறு மேசையாக வைக்கலாம். கவ்வாத்துக் கத்திக்கு இயந்திர எண்ணெய் இலேசாகத் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், கூர்ப்பக்கம் சுவரை நோக்க மாட்டுங்கள்.

முன்னறையை ஒழுங்கு செய்யுமுன் இரண்டு இடங்களைப் பார்த்து வாருங்கள். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டு இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடக்கிவைத்த ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களும் பழைய இயந்திரங்களும், 1925இல் தொழிற்சாலையாகக் கட்டப்பட்ட, கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் உள்ளன. தொழிலாளரின் பொருள்களுக்கென்று கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தான் புழங்கிய இடத்திலேயே இருக்கும் பொருளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. உங்கள் முன்னறை லயம் அல்ல; ஆகவே அம்மாயியின் பெயர், தோட்டம், டிவிஷன் ஆகியவற்றைச் சிறு அட்டையில் எழுதிக் கூடையின் அருகில் வையுங்கள். மூன்று பொருள்களுக்குமேல் அந்த அறைக்கு வேண்டாம். தாத்தாவின் பிரசாவுரிமைப் பத்திரத்தையும் சட்டமிட்டு மாட்டும் எண்ணம் இருந்தால், பிரதியை மாட்டி, மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள். அது இன்றும் சட்டத் தேவைக்கு உதவக்கூடிய ஆவணம்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் ஆட்டுக்கல், உரல், பழைய இரும்புச் சட்டி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றை வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் எல்லாம் பாழாகின்றன.
– ஒரு வாசகர், பண்டாரவளை

பதில்: கல்லுக்கு மழையால் கேடில்லை, கேடு அதன் குழியில் தேங்கும் நீரால்தான். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து முழு நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். நுளம்பு பெருகும் இடங்களை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். உரலையும் ஆட்டுக்கல்லையும் துளையிட்டுக் கெடுக்க வேண்டாம். குழிகளில் சரளைக் கல்லை விளிம்புவரை நிரப்புங்கள், அல்லது வாரம் ஒருமுறை நீரைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். குழவி இருந்தால் அதை ஆட்டுக்கல்லின் மேலேயே வைத்து, சமையலறைப் பின்வாசலில் நிறுத்துவதே எனக்குப் பிடித்தது; பண்டிகைக்கு ஒருமுறை மாவும் ஆட்டலாம்.

இரும்புச் சட்டியின் தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, உலர்ந்த நாளில் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்துக் காயவைத்தபின் அகற்றுங்கள். வண்டிச் சக்கரத்தின் மரம் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் கறையான் ஏறும். அடியில் இரண்டு தட்டைக் கற்களை வைத்து, கூரை நிழலில் சாய்த்துவிடுங்கள். பழைய பொருளில் பெயின்ட் உரிந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு பிள்ளைகளுக்குக் கேடு.

கேள்வி: பாட்டியின் பலா அலுமாரிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் அறை வெளிச்சமாக இருக்கும் என்கிறார்கள். அடிக்கலாமா?
– ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: வேண்டாம். ஆண்டுகள் செல்லச் செல்லப் பலாமரம் அடையும் ஆழ்ந்த பழுப்பு, பெயின்டின் கீழே போனால் திரும்ப வராது. வெளிச்சம் வேண்டுமானால் சுவருக்கு வெள்ளை அடியுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் உண்மையான பகை பூஞ்சணம்தான். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். கால்களின் கீழ் இறப்பர்த் துண்டுகளை இடுங்கள். வெயில் அடிக்கும் நாளில் கதவுகளைத் திறந்துவையுங்கள். பூஞ்சணம் கண்டால் நீர் கலந்த வினாகிரியில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

கேள்வி: வியாபாரி ஒருவர், பழைய கோயிலைச் சேர்ந்தது என்று சொல்லி, செதுக்கிய கற்றூண் துண்டு ஒன்றைத் தோட்டத்துக்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், கண்டி

பதில்: வாங்காதீர்கள். தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம் 1940 முதல் நடைமுறையில் உள்ளது; 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்கள் அதன் பாதுகாப்புக்குள் வருகின்றன. மண்ணில் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. அதைத் தோட்ட அலங்காரமாக வாங்குபவர் வழக்கில் சிக்குவதோடு, கோயில்களை உடைப்பவருக்குச் சந்தையும் உருவாக்கிக் கொடுக்கிறார். அந்த வியாபாரியின் விபரத்தைத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவியுங்கள். தோட்டத்துக்குக் கல் அழகு வேண்டுமானால் இன்றைய கற்சிற்பி ஒருவரிடம் புதிதாகச் செதுக்கக் கொடுங்கள். நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் அதன்மேலும் பாசி படர்ந்துவிடும்.